அம்மாவின் ஸ்கேனும் கொஞ்சம் இரும்புத் தூளும்

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் டாக்டர் இல்லை. விஞ்ஞானியும் இல்லை. பாளையங்கோட்டையில் பி.காம். முடித்து, பேங்க் பரீட்சை எழுதி, ஊர் ஊராக மாற்றலாகி, கடைசியில் பம்பாயில் வந்து விழுந்தவன். (மும்பை என்று எழுத வருகிறது. பேசும்போது எங்கள் ஊர்க்காரர்களுக்கு இன்னும் பம்பாய்தான்.) வீடு செம்பூர், கிளை மாடுங்கா. டெபிட், கிரெடிட்டுக்கு மேல் எனக்கு எதுவும் தெரியாது. அப்படிப்பட்டவன் காந்தம், நானோ துகள், எம்.ஆர்.ஐ. என்று எழுதுவதற்குக் காரணம் எங்கள் அம்மா.

2019ல் அம்மா எங்களோடு செம்பூரில் இருந்தார்கள். வயது எழுபதைத் தாண்டியாயிற்று. சர்க்கரை இருபது வருஷக் கணக்கு. கிட்னி பாதி என்ன, முக்கால்வாசி போய்விட்டது. கிரியேட்டினின் 3.8. வயிறு வலிக்கிறது என்று சோனோகிராஃபி எடுத்தபோது கல்லீரலில் ஒரு சின்ன உருண்டை தெரிந்தது. "பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. ஆனாலும் கான்ட்ராஸ்ட் மருந்து போட்டு எம்.ஆர்.ஐ. எடுத்துவிட்டால் நிச்சயமாகத் தெரிந்துவிடும்" என்றார் டாக்டர்.

ஸ்கேன் சென்டரில் ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்த பையன் உள்ளே போய் யாரையோ கேட்டுவிட்டு வந்தான். "கிட்னி இந்த நிலையில் இருந்தால் கான்ட்ராஸ்ட் போட மாட்டோம் சார். ப்ளெய்ன்தான்." எடுத்தார்கள். ரிப்போர்ட்டில் கடைசி வரி: முடிவாகச் சொல்ல இயலவில்லை, மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்கவும்.

மூன்று மாதம் என்று எழுதுவது சுலபம். அந்தத் தொண்ணூறு நாளும் அம்மா சாப்பிடும்போது அவர்கள் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு வாய் குறைந்தால்கூட மனசு எங்கோ ஓடும். அம்மா மட்டும் சாதாரணமாகக் கேட்டார்கள்: "ஏய்யா, அது என்ன மருந்துய்யா? எல்லாருக்கும் போடுவாங்களாம், எனக்கு மட்டும் ஆகாதாம்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அன்று ராத்திரி தேட ஆரம்பித்தேன். அந்த மூன்று மாதம் படித்ததுதான் இது.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

1951, இரண்டு இந்தியர்கள்

எம்.ஆர்.ஐ. என்றாலே அமெரிக்கா, இங்கிலாந்து என்றுதான் நினைத்திருந்தேன். 2003ல் நோபல் பரிசு வாங்கிய பால் லாட்டர்பரும் பீட்டர் மான்ஸ்ஃபீல்டும் அந்த நாட்டுக்காரர்கள்தான். ஆனால் கதை அதற்கு ரொம்ப முன்னால் ஆரம்பிக்கிறது.

நம் உடம்பில் பெரும்பகுதி தண்ணீர். தண்ணீரில் ஹைட்ரஜன். ஒவ்வொரு ஹைட்ரஜன் அணுக்கருவும் ஒரு குட்டிக் காந்தம். பெரிய காந்தத்துக்குள் வைத்து, சரியான அலைவரிசையில் ரேடியோ அலையைக் கொடுத்தால் அவை அந்த அலையை வாங்கிக்கொண்டு, பிறகு தாமே ஒரு சிக்னலைத் திருப்பிக் கொடுக்கும். 1946ல் ஃபெலிக்ஸ் ப்ளாக்கும் எட்வர்ட் பர்செல்லும் தனித்தனியாக இதைக் காட்டினார்கள். 1952ல் இருவருக்கும் நோபல். அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு, சுருக்கமாக என்.எம்.ஆர்.

ப்ளாக் இருந்த ஸ்டான்ஃபோர்டில் எஸ்.எஸ்.தர்மட்டி என்று ஒரு இந்தியர். 1951ல் அர்னால்ட், தர்மட்டி, பக்கார்ட் மூவரும் சேர்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். சாதாரண எத்தில் ஆல்கஹாலை வைத்து சிக்னலைப் பார்த்தால் ஒரு கோடு அல்ல, மூன்று கோடு வருகிறது. ஒரே ஹைட்ரஜன்தான், ஆனால் மூலக்கூறில் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதைப் பொறுத்து அதன் குரல் மாறுகிறது. இன்று உலகத்தில் உள்ள ஒவ்வொரு மருந்துக் கம்பெனி லேபிலும் நடக்கிற என்.எம்.ஆர். சோதனைக்கு அடிப்படை இந்த விஷயம். தர்மட்டி பிறகு பம்பாய் வந்து டாடா ஆராய்ச்சி நிலையத்தில் (டி.ஐ.எஃப்.ஆர்.) என்.எம்.ஆர். பிரிவை ஆரம்பித்தார். கொலாபாவில் நேவி நகர் பஸ்ஸில் கடைசி ஸ்டாப் வரை போயிருக்கிறீர்களா? அங்கேதான் அந்த நிலையம் இருக்கிறது. நான் எத்தனையோ தடவை அந்தப் பக்கம் போயிருக்கிறேன். இப்படி ஒருவர் இருந்தார் என்று ஒரு நாளும் தெரியாது.

அதே 1951ல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் ஜி.சூர்யன் என்பவர் இன்னொரு வேலை செய்தார். குழாயில் தண்ணீர் நிற்கும்போது வருகிற சிக்னலையும் ஓடும்போது வருகிற சிக்னலையும் ஒப்பிட்டார். ஓடினால் சிக்னல் கூடுகிறது! ரேடியோ அலை பட்டுப் பட்டுக் களைத்துப்போன தண்ணீர் நகர்ந்துவிடுகிறது, புதுத் தண்ணீர் உள்ளே வருகிறது, அதனால். பிற்காலத்தில் ஊசி மருந்தே இல்லாமல் ரத்தக் குழாய்களை எம்.ஆர்.ஐ.யில் படம் பிடிக்கும் முறைகள் வந்தன. ஓடுகிற திரவத்தின் சிக்னல் மாறும் என்ற கருத்தின் வரலாற்றை எழுதுகிறவர்கள் சூர்யனின் அந்தச் சின்னக் கட்டுரையிலிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள்.

படம் எடுக்கலாம் என்ற யோசனை லாட்டர்பருக்கு வந்தது 1971ல். அவர் எழுதி அனுப்பிய கட்டுரையை நேச்சர் பத்திரிகை முதலில் திருப்பி அனுப்பியது. விடாமல் வாதாடி 1973ல் வெளியிட வைத்தார். 1980களில் மெஷின்கள் ஆஸ்பத்திரிகளுக்கு வந்துவிட்டன. இந்தியாவுக்கு அந்தப் பத்தாண்டின் நடுவில், டெல்லி இன்மாஸ் நிறுவனத்துக்கு வந்தது.

மருந்து எதற்கு?

எம்.ஆர்.ஐ. படம் கறுப்பு வெள்ளை. கட்டியும் பக்கத்துச் சதையும் ஒரே சாம்பல் நிறத்தில் இருந்தால் என்ன செய்வது? ஏதாவது ஒன்றை வெளுக்க வேண்டும், இல்லை கறுக்க வேண்டும். அதற்குத்தான் கான்ட்ராஸ்ட்.

வெளுக்க வைப்பது கடோலினியம் என்ற அரிய உலோகம். அது பக்கத்தில் இருந்தால் தண்ணீரின் ஹைட்ரஜன் சீக்கிரம் பழைய நிலைக்குத் திரும்பும், அந்த இடம் பளிச்சென்று தெரியும். தனியாக இருந்தால் அது விஷம். அதனால் ஒரு மூலக்கூறுக் கூண்டுக்குள் அடைத்துக் கொடுக்கிறார்கள். பெர்லினில் ஷெரிங் கம்பெனி செய்த மேக்னவிஸ்ட் 1988ல் அனுமதி பெற்றது. உலகம் முழுக்க இன்று போடுவது பெரும்பாலும் இந்த ஜாதிதான்.

கறுக்க வைப்பதுதான் நம் கதாநாயகன். இரும்பு ஆக்சைடு.

சின்ன வயதில் உடைந்த ரேடியோ ஸ்பீக்கரிலிருந்து காந்தத்தைக் கழற்றி, கயிற்றில் கட்டி, தாமிரபரணி மணலில் இழுத்துக்கொண்டே போவோம். மீசை முளைத்த மாதிரி கறுப்புத் தூள் ஒட்டிக்கொண்டு வரும். வீட்டில் தாளின் மேல் கொட்டி, கீழே காந்தத்தை நகர்த்தி, தூளை நடனமாட விடுவோம். அந்தத் தூளில் பெரும்பகுதி மேக்னடைட் என்கிற இரும்பு ஆக்சைடு. சேலம் கஞ்சமலையில் மலையாகவே கிடப்பதும் அதுதான். அதே சரக்கை மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஐந்து பங்கு அளவுக்கு (ஐந்து நானோமீட்டர்) சின்னதாக ஆக்கி, டெக்ஸ்ட்ரான் என்ற சர்க்கரைச் சங்கிலியால் மேலே பூசினால் அதுதான் மருந்து.

ஏன் அவ்வளவு சின்னதாக? பெரிய துகளாக இருந்தால் ஒருமுறை காந்தமானது காந்தமாகவே இருக்கும். ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகி ரத்தக் குழாயை அடைத்துவிடும். மிகச் சின்னதாக இருந்தால், மெஷினின் காந்தப் புலத்தில் இருக்கும்வரை பலமான காந்தம், வெளியே வந்தால் சாது. அறையின் சூடே அதன் வட துருவத்தையும் தென் துருவத்தையும் புரட்டிப் புரட்டிப் போட்டு மொத்தத்தில் ஒன்றுமில்லை என்று ஆக்கிவிடும். பிரான்சின் லூயி நீல் 1949ல் இதற்குக் கணக்குப் போட்டுக் கொடுத்தார்.

அது எப்படிக் கறுக்க வைக்கிறது? மாடுங்காவில் மார்கழி பஜனைக்குப் போயிருக்கிறேன். ஐம்பது பேர் ஒரே தாளத்தில் பாடினால் தெருமுனை வரை கேட்கும். நடுவில் நாலு பேர் வேறு வேறு வேகத்தில் ஜால்ராவைத் தட்டினால் என்ன ஆகும்? பக்கத்தில் இருப்பவர்களுக்குத் தாளம் தப்பி, கொஞ்ச நேரத்தில் பாட்டு இரைச்சலாகிவிடும். தண்ணீரின் ஹைட்ரஜன்கள் பாடும் கோஷ்டி. இரும்புத் துகள் அந்த ஜால்ராக்காரர். அது இருக்கும் இடத்தில் சிக்னல் சீக்கிரம் செத்துப்போகிறது. படத்தில் கறுப்பு.

வந்தது, போனது

1978ல் ஜப்பானில் ஓகுஷி குழுவினர் டெக்ஸ்ட்ரான் பூசிய மேக்னடைட் சிக்னலை எப்படிக் குறைக்கிறது என்று எழுதினார்கள். 1986ல் மென்டோன்ஸா டியாஸ் என்பவரும் லாட்டர்பரும் காந்தத் துகள்களை வைத்துக் கல்லீரலையும் மண்ணீரலையும் படம் பிடித்தார்கள். 1987ல் பாஸ்டனில் சஞ்சய் சைனி முதலானவர்கள் ஃபெரைட் துகள்கள் பற்றி எழுதினார்கள்.

கல்லீரலுக்கு இது ஏன் பொருந்துகிறது என்பது அழகான விஷயம். கல்லீரலில் குப்ஃபர் செல்கள் என்று துப்புரவுப் பணியாளர்கள் உண்டு. ரத்தத்தில் வரும் தூசு தும்புகளை விழுங்குவது அவர்கள் வேலை. இரும்புத் துகளையும் விழுங்கிவிடுவார்கள். நல்ல கல்லீரல் கறுத்துப்போகும். வேறு இடத்திலிருந்து பரவி வந்த புற்றுக் கட்டியில் இந்தச் செல்கள் இல்லை. அது மட்டும் கறுக்காமல் வெள்ளையாகத் தனித்து நிற்கும்.

அமெரிக்காவில் அட்வான்ஸ்டு மேக்னடிக்ஸ் என்ற கம்பெனி செய்த ஃபெரிடெக்ஸ் 1996ல் அனுமதி பெற்றது. ஐரோப்பாவில் அதே மருந்து எண்டோரெம். போட வேண்டிய அளவு கிலோவுக்கு 0.56 மில்லிகிராம் இரும்பு. அறுபது கிலோ ஆளுக்கு 34 மில்லிகிராம்கூட வராது. ஒரு யூனிட் ரத்தம் ஏற்றினாலே அதில் 200 மில்லிகிராமுக்கு மேல் இரும்பு இருக்கிறது! வேலை முடிந்ததும் உடம்பு அந்தத் துகளைக் கரைத்து, இரும்பைத் தன் கையிருப்பில் சேர்த்துக்கொள்ளும். பின்னால் ஹீமோகுளோபின் ஆகிவிடும். பேங்க் பாஷையில் சொன்னால் செலவு போன பணம் டெபாசிட்டாகத் திரும்பி வருகிறது.

இன்னும் பெரிய எதிர்பார்ப்பு காம்பிடெக்ஸ் என்ற தம்பி மருந்து. இதன் துகள்கள் ரத்தத்தில் அதிக நேரம் சுற்றி, நிணநீர் முடிச்சுகளுக்குள் போகும். நல்ல முடிச்சு கறுக்கும், புற்று பரவிய இடம் கறுக்காது. 2003ல் முகேஷ் ஹரிசிங்கானி முதலானோர் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் எழுதியது பரபரப்பானது. ப்ராஸ்டேட் புற்றுநோய் உள்ள 80 பேர். சாதாரண எம்.ஆர்.ஐ. புற்று பரவிய முடிச்சுகளில் 35.4 சதவீதத்தைக் கண்டுபிடித்தது. இரும்புத் துகள் போட்டால் 90.5 சதவீதம்.

இவ்வளவு நல்ல சரக்கு, சந்தையில் கொடிகட்டிப் பறந்திருக்க வேண்டுமே? இல்லை.

2005ல் அமெரிக்க எஃப்.டி.ஏ.வின் ஆலோசனைக் குழு, காம்பிடெக்ஸை எல்லா வகைப் புற்றுக்கும் அனுமதிக்கும் அளவுக்கு ஆதாரம் போதாது என்று எதிர்த்து ஓட்டுப் போட்டது. 2007ல் ஐரோப்பாவில் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். 2008ல் ஃபெரிடெக்ஸ் தயாரிப்பே நின்றது.

எனக்கு இதைப் படித்ததும் தாராவி கிளையில் இருந்த நாட்கள் ஞாபகம் வந்தது. தோல் பை செய்கிற ஒரு பெரியவர் கடன் வாங்கியிருந்தார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்தான். தையல் அப்படி ஒரு சுத்தம். ஆனால் ஒரு பைக்கு அவருக்கு ஆகும் நேரத்தில் பக்கத்துப் பட்டறையில் நாலு ரெக்ஸின் பை வெளியே போய்க்கொண்டிருந்தது. இரண்டு வருஷத்தில் கடையை மூடினார். "சரக்கு நல்லா இருந்தா மட்டும் போதாது சார்" என்று அவர் சொன்னதைப் போல எந்தப் புத்தகத்திலும் நான் படிக்கவில்லை.

ஃபெரிடெக்ஸ் கதையும் அதுதான். அரை மணி நேரம் சொட்டுச் சொட்டாக ஏற்ற வேண்டும். சிலருக்கு நடு ஏற்றத்தில் கடுமையான முதுகு வலி. போடும் முன்னும் பின்னும் படம் எடுக்க வேண்டும். மெஷின் ஓடும் ஒவ்வொரு நிமிஷமும் காசு. கடோலினியமோ ஒரே ஊசி, சில வினாடி, உடனே படம். கல்லீரலுக்கென்றே ஒரு கடோலினிய மருந்து ஐரோப்பாவில் 2004லும் அமெரிக்காவில் 2008லும் வந்துவிட்டது. கட்டியை வெள்ளையாகப் பார்ப்பதில் கண் பழகிய டாக்டர்களுக்குக் கறுப்பைப் படிப்பது புதுப் பாடம். விற்பனை இல்லை. கணக்கை மூடிவிட்டார்கள்.

இரும்பு நல்லது, கணக்கு நஷ்டம் என்பது நம் ஊருக்கும் புதிதல்ல. சேலத்து மேக்னடைட்டை நம்பி ஹீத் என்ற வெள்ளைக்காரர் 1830 வாக்கில் பரங்கிப்பேட்டையில் உலை வைத்தார். இரும்பு இங்கிலாந்து வரை போனது. ஆனால் கம்பெனி எழுந்து நிற்கவே இல்லை. அந்த நூற்றாண்டு முடியும் முன் எல்லாம் மூடியாயிற்று.

அம்மா எங்கே வருகிறார்கள்?

இதில் என்னை உறுத்துவது வருஷக் கணக்கு.

1997 முதல் அமெரிக்காவில் சில கிட்னி நோயாளிகளுக்குத் தோல் தடித்து மரக்கட்டை மாதிரி ஆகி, கை கால் மடக்க முடியாமல் போகும் புது நோய் வந்தது. 2000ல்தான் மருத்துவ இதழில் வெளியானது. காரணம் தெரியவில்லை. 2006ல் ஆஸ்திரியாவில் க்ரோப்னர் என்ற டாக்டர், இவர்கள் எல்லாம் கடோலினியம் போட்டுக்கொண்டவர்கள் என்று சுட்டிக்காட்டினார். நல்ல கிட்னி கடோலினியத்தை ஒரு நாளுக்குள் பெரும்பாலும் வெளியேற்றிவிடும். கெட்ட கிட்னியில் அது தங்கும். தங்கினால் கூண்டிலிருந்து கழன்றுவிடும். 2007ல் எஃப்.டி.ஏ. கறுப்புக் கட்டம் போட்ட எச்சரிக்கை விதித்தது. உலகம் முழுக்க ஸ்கேன் சென்டர்கள் கிரியேட்டினின் கேட்க ஆரம்பித்தன.

கிட்னியை நம்பாமலே உடம்பு செரித்துக்கொள்ளக்கூடிய மருந்து எது? இரும்பு. அதன் தயாரிப்பு நின்றது எப்போது? அடுத்த வருஷம், 2008ல்.

தேவை வந்து கதவைத் தட்டியபோது கடை மூடியிருந்தது. யாரையும் குற்றம் சொல்ல முடியவில்லை. கம்பெனி லாபத்தைப் பார்த்தது, நானாக இருந்தாலும் அந்தக் கடனைப் புதுப்பித்திருக்க மாட்டேன். எஃப்.டி.ஏ. ஆதாரம் கேட்டது, கேட்க வேண்டியதுதான். எங்கள் ஸ்கேன் சென்டர் விதிப்படி நடந்தது, அம்மாவின் நன்மைக்காக. எல்லோரும் அவரவர் பக்கத்தில் சரி. ஆனாலும் அம்மாவுக்குப் பதில் கிடைக்கவில்லை.

கதை அங்கேயே முடியவில்லை என்பது ஒரு ஆறுதல். அதே அமெரிக்கக் கம்பெனி (பெயரை ஏஎம்ஏஜி என்று மாற்றிக்கொண்டது) ஃபெருமாக்ஸிடால் என்ற இரும்புத் துகளுக்கு 2009ல் அனுமதி வாங்கியது. எதற்கு? கிட்னி நோயாளிகளின் ரத்தசோகைக்கு! டாக்டர்கள் அதையே படம் எடுக்கவும் பயன்படுத்த ஆரம்பித்தார்கள், முக்கியமாகக் கிட்னி செயலிழந்தவர்களின் ரத்தக் குழாய்களைப் பார்க்க. அதிலும் ஆபத்து உண்டு. சிலருக்கு உயிருக்கே ஆபத்தான ஒவ்வாமை வந்ததால் 2015ல் அதற்கும் கறுப்புக் கட்டம் விழுந்தது. நெதர்லாந்தில் நைமேகன் பல்கலைக்கழக ஆஸ்பத்திரி காம்பிடெக்ஸ் மருந்தை மறுபடி உயிர்ப்பித்து ஆராய்ச்சியைத் தொடர்ந்தது. மார்பகப் புற்றில் முதல் நிணநீர் முடிச்சைக் கண்டுபிடிக்க இரும்புத் துகளை ஊசி போட்டு, கையடக்கக் காந்தக் கருவியால் தேடும் முறைக்கு 2018ல் அமெரிக்க அனுமதி கிடைத்தது. வழக்கமாக இதற்குக் கதிரியக்கப் பொருள் வேண்டும். அது மணிக்கு மணி தேய்ந்துபோகும் சரக்கு. இரும்பு தேயாது. அணுமருத்துவ வசதி இல்லாத ஊர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசித்துப் பாருங்கள்.

நம் பம்பாயும் சும்மா இல்லை. பவாய் ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் டி.பகதூரின் குழு, ட்ராம்பே பாபா அணு ஆராய்ச்சி மையத்து வேதியியலாளர்களோடு சேர்ந்து, காந்தத் துகளைச் சூடாக்கிப் புற்றுச் செல்லை அழிப்பது, அதிலேயே மருந்தை ஏற்றி அனுப்புவது என்று பல கட்டுரைகள் எழுதியிருக்கிறது. காலையில் செம்பூரில் பாபா மையத்து பஸ்கள் வரிசையாகப் போகும்போது, டிராஃபிக்கைத் திட்டிக்கொண்டிருந்த நான் இப்போதெல்லாம் உள்ளே இருப்பவர்களைக் கொஞ்சம் மரியாதையோடு பார்க்கிறேன்.

கடோலினியமும் அன்று போல இல்லை. கூண்டு இறுக்கமான புது வகைகளில் அந்தத் தோல் நோய் வரும் ஆபத்து மிகமிகக் குறைவு என்று தெரிந்து, கிட்னி கெட்டவர்களுக்கும் தேவைப்பட்டால் அவற்றைப் போடலாம் என்று மருத்துவச் சங்கங்கள் சொல்லிவிட்டன. பழைய தளர்ந்த கூண்டு வகைகள் பலவற்றை ஐரோப்பா 2017ல் நிறுத்தி வைத்தது. அதனால் உங்கள் வீட்டில் இப்படி ஒரு நிலைமை வந்தால், "போட மாட்டோம்" என்ற முதல் பதிலோடு வீட்டுக்கு வந்துவிடாதீர்கள். எந்த வகை மருந்து, வேறு வழி உண்டா என்று டாக்டரிடம் கேளுங்கள். நான் கேட்கவில்லை. கேட்கலாம் என்றே எனக்குத் தெரியாது.

மூன்று மாதம் கழித்து அம்மாவுக்கு மறுபடி எடுத்தார்கள். உருண்டை அப்படியே இருந்தது, ஒரு மில்லிமீட்டர்கூட வளரவில்லை. வெறும் ரத்தக் குழாய்ச் சுருள்தான், விட்டுவிடுங்கள் என்றார் டாக்டர். வெளியே வந்து ஆட்டோவில் உட்கார்ந்ததும் அம்மாவுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். காந்தம், மணல், கறுப்புத் தூள், கம்பெனி மூடியது.

பொறுமையாகக் கேட்டுவிட்டு அம்மா சொன்னார்கள்: "நீ சின்னப் பிள்ளையில ஆத்து மணல்ல காந்தத்தை இழுத்துட்டு வந்து வீடெல்லாம் கறுப்புத் தூளாக் கொட்டுவே. பெருக்கிப் பெருக்கி எனக்கு இடுப்பு ஒடியும். அதைச் சேத்து வச்சிருக்கலாம் போல."

டிஸ்கி: மறுபடியும் சொல்கிறேன், இது பி.காம்.காரன் எழுதியது. மருத்துவ முடிவுகளை டாக்டரைக் கேட்டு எடுங்கள். விஷயம் தெரிந்தவர்கள் தப்பு இருந்தால் சொன்னால் திருத்திவிடுகிறேன்.